ரெண்டு கட்டியும் என் கோபமும்

எனக்கு வந்தது நோய் இல்ல, கோபம்னு சொன்னவங்க எல்லாரும் இன்னும் ஆம்பூர்லதான் இருக்காங்க. நல்லா இருக்கட்டும். சர்ச்சுல, கம்பெனி கேட்டுல, கறிக்கடையில எங்க பாத்தாலும் "இப்ப எப்படி இருக்கே ஸ்டெல்லா"ன்னு விசாரிக்கிறாங்க. ஆளாளுக்குத் தனித்தனியா பதில் சொல்ல எனக்குப் பொறுமை கம்மி. அதனால ஒரே தடவையா எழுதி வச்சிடுறேன்.

நான் அப்ப ஒரு ஷூ கம்பெனியில செக்கிங் சூப்பர்வைசர். தொண்ணூறுகள் முடியிற நேரம். ஷூவோட மேல் பாகத்தை அப்பர்னு சொல்லுவோம். தைச்சு வர்ற அப்பர்ல தப்பு இருக்கான்னு பாத்து, இருந்தா தைச்சவ கிட்டயே திருப்பி அனுப்புறது என் வேலை. தப்பு கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குறவ வாயில தேனா வடியும்? தையல் லைன்ல இருக்குற பொண்ணுங்க எனக்கு மிளகாய் மேடம்னு பேர் வச்சிருந்தாங்க. அது எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியாது.

முதல் தடவை அது வந்தது கம்பெனியிலதான். கோணலா தைச்ச ஒருத்தியை நிக்க வச்சுக் கேட்டுக்கிட்டிருந்தேன். திடீர்னு நெஞ்சு தையல் மெஷின் மாதிரி ஓட ஆரம்பிச்சுது. தலை பொளந்துடும்போல வலி. ஜாக்கெட் முதுகோட ஒட்டிக்கிற அளவுக்கு வேர்வை, ஆனா கை ரெண்டும் சில்லுன்னு இருக்கு. முகம் வெளுத்துப்போச்சுன்னு பக்கத்துல இருந்தவ சொன்னா. கொஞ்ச நேரத்துல தானா அடங்கிடுச்சு. நான் எழுந்து மறுபடி வேலையைப் பாத்தேன். அதுக்குள்ள கம்பெனி முழுக்கத் தீர்ப்பு எழுதியாச்சு, மேடத்துக்குக் கோபம் தலைக்கேறிடுச்சுன்னு.

அடுத்தது குளிக்கும்போது, கீழ விழுந்த சோப்பை எடுக்கக் குனிஞ்சப்ப வந்தது. சோப்பு மேல எனக்கு இன்னா கோபம்? அதுக்கடுத்தது நல்லா தூங்கிட்டிருந்தப்ப. இதை யாருகிட்ட சொன்னாலும் ஒரு சிரிப்பு சிரிப்பாங்க பாருங்க, அந்தச் சிரிப்பை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். "கொஞ்சம் வாயைக் குறைச்சுப் பாரேன், எல்லாம் சரியாப் போயிடும்"பாங்க. வாய்க்கும் குனியிறதுக்கும் இன்னா சம்பந்தம்னு கேட்டா, "பாத்தியா, இதுக்கே கோபம் வருது"ம்பாங்க. இவங்ககிட்ட பேசுறதுக்குச் செவுத்துல முட்டிக்கலாம்.

வீட்ல நாங்க மூணு பேர். என் வீட்டுக்காரர் டேனியல் ஒரு தோல் ஷாப்ல, அதான் டேனரியில, மேஸ்திரி. வாயில கொழுக்கட்டை வச்சிருக்குறவர் மாதிரி பேசவே மாட்டார். அவர் தங்கச்சி ரோஸி, புருஷன் விட்டுட்டுப் போனதுலேர்ந்து எங்களோடதான் இருக்கா. அன்பான பொண்ணு. அந்த அன்பு பூரா சுத்தம் பண்றதுலயே செலவாயிடும். கழுவின டம்ளரைக் கழுவுவா, கழுவுற சோப்பையும் கழுவுவா. எனக்குப் பிள்ளை இல்ல. என் கோபத்துக்கு ஊர் சொல்ற காரணத்துல அதுவும் ஒண்ணு.

எங்க தெருக் கிணத்துத் தண்ணியை யாரும் வாயில வைக்கிறதில்ல. டேனரித் தண்ணி இறங்கி எல்லாம் உப்பாப் போச்சு. லாரியில வர்ற தண்ணியைப் பிடிச்சு வைக்க, ஷாப்ல கெமிக்கல் வந்த காலி கேன்தான் எல்லார் வீட்லயும் இருக்கும். அதனால எங்க வீட்ல ஒரு சட்டம் உண்டு. எந்தக் கேன் வாசப்படி தாண்டி வந்தாலும் மூணு தண்ணி ஊத்திக் கழுவணும். மோந்து பாத்தா வாசனையே வரக்கூடாது. டேனியல் வாயைத் திறந்து போட்ட ஒரே சட்டம் அதுதான். ரோஸிக்கு அது பதினோராவது கட்டளை.

பி.பி. ஒரு நாள் எகிறும், மறுநாள் சாதுவா இருக்கும். கடைசியில கைராசிக்காரர்னு பேர் வாங்கின ஒரு நர்சிங் ஹோம் டாக்டர்கிட்ட போனோம். வயித்தை ஸ்கேன் பண்ணிட்டு, கிட்னி மேல ஒரு கட்டி தெரியுதுன்னார். ஒவ்வொரு கிட்னி தலையிலயும் குல்லா போட்ட மாதிரி ஒரு சின்னச் சுரப்பி உக்காந்திருக்குதாம். அட்ரினல்னு பேரு. நாம பயந்தாலும் கோவப்பட்டாலும் நெஞ்சைப் படபடன்னு அடிக்க வைக்கிற சரக்கு அங்கேர்ந்துதான் ரத்தத்துல இறங்குதாம். அதுல வலது பக்கத்துச் சுரப்பியில கட்டி.

"அப்ப அந்தக் கட்டியே சரக்கை விடுதோ என்னவோ டாக்டர்"னு கேட்டேன்.

"அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்மா. நீங்க டென்ஷன் ஆகாதீங்க"ன்னார். டென்ஷன்ற வார்த்தையைக் கண்டுபிடிச்சவன் மட்டும் என் கையில கிடைச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்.

சி.டி. ஸ்கேனுக்கு வேலூர்ல ஒரு சென்டருக்கு அனுப்பினாங்க. வெறும் வயித்தோட பிளாஸ்டிக் நாற்காலியில காலையிலேர்ந்து உக்கார வச்சாங்க. டி.வி.யில சமையல் நிகழ்ச்சி ஓடுது. பட்டினியா இருக்குறவங்களுக்கு வடை சுடுறதைக் காட்டுற அறிவு யாருக்கு வந்துச்சோ. அப்புறம் ஒரு பலகை மேல படுக்க வச்சு, வளையத்துக்குள்ள தள்ளி, மூச்சைப் பிடி, விடுன்னாங்க. உடம்பை அப்படியே ரொட்டித் துண்டு மாதிரி குறுக்கால வெட்டிக் காட்டுற எக்ஸ்ரே அது. கொழுப்பு இருக்குற இடம் கருப்பா தெரியும், சதை சாம்பலா தெரியும். ரிப்போர்ட்ல, கொழுப்பு ஜாஸ்தியா இருக்குற கெடுதல் இல்லாத கட்டி, அடினோமான்னு போட்டிருந்தது.

சரக்கு விடுதான்னு பாக்க ஒரு நாள் முழுக்க மூத்திரத்தைப் பிடிச்சுத் தரணும்னாங்க. லேப்காரன் ஒரு கேனைக் கொண்டு வந்து வாசல்ல ரோஸி கையில குடுத்துட்டு, நாளைக்கு வந்து எடுத்துக்குறேன்னு ஸ்கூட்டர்ல பறந்துட்டான். காபி கூடாது, டீ கூடாது, வாழைப்பழம் கூடாதுன்னாங்க. நான் எதையும் தொடல. ஒரு சொட்டு சிந்தாம பிடிச்சுக் குடுத்தேன். எல்லாம் நார்மல்னு வந்துச்சு.

"பாத்தீங்களா மேடம்"னு டாக்டர் நாற்காலியில சாஞ்சுக்கிட்டார். "அது சும்மா கிடக்குற கட்டி. அது பாட்டுக்கு இருக்கும். உங்க பிரச்சினை வேற. வயசு அப்படி. வீட்ல கோபத்தைக் குறைங்க, யோகா பண்ணுங்க." தூக்க மாத்திரை எழுதிக் குடுத்தார். நான் எழுந்து வந்துட்டேன். அந்த மாத்திரையை ரோஸி ஒழுங்கா டப்பாவுல போட்டு வச்சா. நான் முழுங்கல.

இதுக்கப்புறம் வீட்டுக்கு வந்தாங்க பாருங்க கும்பல் கும்பலா. ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஆளுக்கொரு வைத்தியம். ஒருத்தி திமிரியில ஒருத்தர் மந்திரிச்சு எண்ணெய் தர்றாருன்னா. இவ சர்ச்சுல முதல் வரிசையில உக்காருறவ. இன்னொருத்தர் ஏலகிரி மலையில போய்க் கொஞ்ச நாள் இரு, குளுமையா இருக்கும், கோபம் வராதுன்னார். பாஸ்டர் ஐயா வந்தார். என் தலையில கையை வச்சு, "ஆண்டவரே, இந்தச் சகோதரியோட கோபத்தின் ஆவியை எடுத்துப் போடும்"னு அரை மணி நேரம் ஜெபம் பண்ணினார். நடுவுல எனக்குப் படபடப்பு வந்துடுச்சு. வேர்த்துக் கொட்டுது. கண்ணைத் திறந்து பாத்துட்டு, ஆவி வெளியேறுதுன்னு குரலை ஏத்தினார். ரோஸி மட்டும் ஓடி வந்து முந்தானையால என் முகத்தைத் துடைச்சா. எனக்கு அப்ப உண்மையிலேயே பயம் வந்துச்சு. நான் செத்தாலும் இவங்க சவப்பெட்டி பக்கத்துல நின்னு, பாவம் கோபக்காரின்னுதான் பேசுவாங்க.

படபடப்பு தினமும் வர ஆரம்பிச்சுது. டேனியல் மறுபடி டாக்டர்கிட்ட போய் நின்னார். பேசத் தெரியாத மனுஷன் போய் நின்னதே பெரிசு. டாக்டருக்கு எரிச்சல். "உங்க திருப்திக்கு வேணா முதுகு வழியா ஊசி போட்டு, கட்டியிலேர்ந்து ஒரு கிள்ளு எடுத்து டெஸ்ட் பண்ணிடலாம். சின்ன வேலை"ன்னு நாள் குறிச்சுக் குடுத்தார்.

ஊசிக்கு முந்தின நாள் சாயங்காலம் செருப்பு வாரைப் போடக் குனிஞ்சேன். அவ்வளவுதான் ஞாபகம். கண்ணைத் திறந்தப்ப வாடகைக் காரோட பின் சீட்ல, ரோஸி மடியில தலை. காரு வேலூர் ரோட்ல போவுது. நர்சிங் ஹோமுக்குப் போகலையான்னு கேட்டேன். முன் சீட்லேர்ந்து டேனியல் திரும்பாமலே, "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீ பேசாத"ன்னார். கல்யாணமான நாளா என்னைக் கேக்காம அந்த மனுஷன் எடுத்த முதல் முடிவு அது. எனக்கு உசுர் குடுத்ததும் அதுதான். இதை அவர்கிட்ட நேர்ல சொன்னா தலைகால் புரியாது, அதனால இங்க எழுதுறேன்.

பெரிய ஆஸ்பத்திரின்னா சும்மா இல்ல. கல்கத்தா பக்கத்துலேர்ந்து குடும்பம் குடும்பமா வந்து, பாய் விரிச்சு, பாத்திரத்தோட காத்திருக்காங்க. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு வரிசை. வரிசையில நடுவுல புகுந்த ஒரு கோட்டுக்காரரை நான் பாத்த பார்வையில ஆள் பின்னாடி போய்ட்டார். பி.பி. ஏறி இறங்குறதைப் பாத்துட்டு, பழைய சி.டி. படத்தை எடுத்துக்கிட்டு ஸ்கேன் டிபார்ட்மென்ட்டுக்குப் போகச் சொன்னாங்க.

அங்க ஒரு கண்ணாடி போட்ட டாக்டரம்மா. படத்தை வெளிச்சப் பெட்டியில மாட்டி, மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்ட போய்ப் பாத்தாங்க. அப்புறம் ரிப்போர்ட்டைப் படிச்சாங்க. "இதை எழுதினவர் மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து எழுதினாரா?"ன்னாங்க. எனக்கு அந்த அம்மாவை அந்த நிமிஷமே பிடிச்சுப்போச்சு.

"இங்க வாங்க, நீங்களே பாருங்க"ன்னு கூப்பிட்டாங்க. "இந்தப் பாதி கருப்பா இருக்கா? இது கொழுப்புக் கட்டி. ரிப்போர்ட்ல சொன்னது சரி. ஆனா இந்த ஓரத்துல பாருங்க, சாம்பலா ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு. இது வேற. கருப்பு மேல மட்டும் அளந்துட்டு, இதையும் அதோட சேத்து ஒரே கட்டின்னு எழுதிட்டாங்க." என் பக்கம் திரும்பி, "உங்களுக்குக் குனிஞ்சா வருதா?"ன்னு கேட்டாங்க.

அதுவரைக்கும் ஒருத்தரும் அதைக் கேட்டதில்ல. நானாத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பு வாங்கினேன். ஊர் முன்னாடி அழுறது எனக்குப் பிடிக்காது. ஆனா அன்னைக்கு அழுதேன், நல்லாவே அழுதேன்.

நிச்சயம் பண்ண எம்.ஆர்.ஐ. எடுத்தாங்க. அது காந்தத்துல வேலை செய்யிற மெஷின். குழாய்க்குள்ள படுக்க வச்சு, தகர ஷெட்டு மேல கல்லைக் கொட்டுற மாதிரி சத்தம். அதுல ஒரே இடத்தை ரெண்டு விதமா படம் எடுப்பாங்களாம். கொழுப்பு கலந்த கட்டியா இருந்தா ஒரு படத்துல வெளுப்பா இருக்குறது இன்னொரு படத்துல கருத்துடும். என் கொழுப்புக் கட்டி சொன்ன சொல் கேட்டுக் கருத்துப்போச்சு. பக்கத்துல ஒட்டிக்கிட்டிருந்தது கருக்கவே இல்ல. வேற ஒரு வகைப் படத்துல அது மட்டும் பல்பு போட்ட மாதிரி எரிஞ்சுது. ஒரே சுரப்பியில ரெண்டு வேற வேற கட்டி. ரொம்ப அபூர்வம்னாங்க. ரெண்டாவதுக்குப் பேர் ஃபியோகுரோமோசைட்டோமா. குனிஞ்சு அது நசுங்கும்போதெல்லாம் சரக்கை அள்ளி ரத்தத்துல விடுறது அதுதான். சாதுவான குடித்தனக்காரன் முதுகுக்குப் பின்னால திருடன் ஒளிஞ்சுக்கிட்டிருந்திருக்கான்.

வார்டு டாக்டர்கிட்ட ஊசி போட நாள் குறிச்சதை டேனியல் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழ வச்சுட்டார். "அந்தக் கட்டியில ஊசி பட்டிருந்தா மொத்தமும் ஒரே நேரத்துல ரத்தத்துல இறங்கியிருக்கும். டேபிள்லயே முடிஞ்சிருக்கும்"னார்.

ஆனா ஒண்ணு அவங்களுக்குப் புரியல. இப்படி எரியிற கட்டி இருக்கும்போது மூத்திர டெஸ்ட் எப்படி நார்மல்னு வந்துச்சு? மறுபடி பிடிக்கச் சொன்னாங்க. நர்ஸ் ஒரு கேனைக் கொண்டு வந்து வச்சாங்க. "அடியில கொஞ்சம் ஆசிட் இருக்கும்மா. கொட்டிடாதீங்க. அது இருந்தாத்தான் நாங்க தேடுற பொருள் கெடாம இருக்கும்"னாங்க.

ரோஸி என் கட்டில் கால்மாட்டுல நின்னுக்கிட்டிருந்தா. "எல்லாக் கேன்லயும் ஆசிட் போட்டுத்தான் குடுப்பாங்களா சிஸ்டர்?"னு கேட்டா. ஆமான்னாங்க. ரோஸி முகம் சுண்ணாம்பு மாதிரி ஆயிடுச்சு.

"அண்ணி, போன தடவை வந்த கேன்ல ஷாப்பு வாசனை அடிச்சுது. நான் மூணு தண்ணி ஊத்திக் கழுவிட்டேன். வெந்நீர் வேற ஊத்தினேன். உங்க உடம்புக்கு ஆவாதுன்னுதான் அண்ணி."

டேனியல் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். நர்ஸ் பி.பி. மெஷினை எடுக்க ஓடினாங்க. நான் வெடிச்சா செத்துடுவேன்னு எல்லாருக்கும் பயம். எனக்குக் கோபம் வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா ரோஸி மேல இல்ல. ஆம்பூர்ல பொறந்த எவளா இருந்தாலும் அந்தக் கேனைக் கழுவித்தான் இருப்பா. கழுவாம இருந்திருந்தா நானே திட்டியிருப்பேன். உள்ள ஆசிட் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லாம ஸ்கூட்டர்ல பறந்தானே, அவன் மேல வந்துச்சு. வந்த கேன்ல ஆசிட் இருக்கான்னுகூடப் பாக்காம நார்மல்னு சீல் குத்தினாங்களே, அவங்க மேல வந்துச்சு. "அழாத ரோஸி"ன்னு மட்டும் சொன்னேன். அவ ஜாஸ்தியா அழுதா.

இந்தத் தடவை கழுவாத கேன்ல பிடிச்சதுல அந்தச் சரக்கு பல மடங்கு ஜாஸ்தியா வந்துச்சு. உடனே ஆபரேஷன் பண்ண முடியாது, முதல்ல ரத்தக் குழாயைத் தளர்த்தணும்னு மாத்திரை குடுத்தாங்க. உப்பு ஜாஸ்தி சாப்பிடு, தண்ணி குடின்னாங்க. எழுந்தா தலை சுத்தும், மூக்கு அடைச்சுக்கும். ரோஸி கட்டிலுக்குக் கீழயே படுத்துக் கிடந்தா. பில்லைப் பத்தி நான் பேசல. டேனியல் லோன் போட்டார், என் வளையல் போச்சு, முடிஞ்சுது.

அதுக்குள்ள ஊருக்குச் சேதி போய்டுச்சு. இப்ப வந்தவங்க புதுப் பாட்டு பாடினாங்க. "பாவம் ஸ்டெல்லா, அது அவ கோபம் இல்லயாம், கட்டியோட கோபமாம்." லைன் பொண்ணுங்க ஆற்காடு மக்கன் பேடா வாங்கிட்டு வந்து, "இத்தினி வருஷமா உங்களைத் தப்பா நினைச்சுட்டோம் மேடம், மன்னிச்சுடுங்க"ன்னாங்க. கோணலா தைச்சவளும் வந்திருந்தா. கட்டி இல்லேன்னா அவ தைச்சது நேராயிடுமா? முதல்ல கோபத்தால நோய்னாங்க, இப்ப நோயால கோபம்னாங்க. ரெண்டு விதத்துலயும் எனக்குன்னு ஒரு மூளை இருக்குறதை ஒருத்தரும் ஒத்துக்கல.

அதைக்கூடத் தாங்கிக்கிட்டேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் டேனியல் கதவுக்கு அந்தாண்ட நின்னு, சர்ஜன்கிட்ட மெதுவா கேட்டது என் காதுல விழுந்துச்சு. "இதுக்கப்புறம் கோபம் கொஞ்சம் கம்மியாவுமா டாக்டர்?" அந்தக் குரல்ல ஆசை இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சாவு பயத்தை விட வேற ஒரு பயம் வந்துச்சு. ஒருவேளை இவங்க சொல்றது நிஜமா இருந்தா? கட்டியோட சேந்து என்னையும் வெட்டி எடுத்துட்டா, மயக்கம் தெளிஞ்சு எழுந்திரிக்கிறவ யாரு?

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. சுரப்பியை ரெண்டு கட்டியோடயும் எடுத்துட்டாங்க. ரெண்டுக்கும் நடுவுல கோடு போட்ட மாதிரி தெரிஞ்சுதுன்னு ஸ்கேன் டாக்டரம்மா வந்து சொல்லிட்டுப் போனாங்க. கெட்ட ஜாதிக் கட்டி இல்லன்னாங்க.

ஆனா நான் சாதுவா கிடந்தேன். கஞ்சி ஆறிப்போய் வந்துச்சு, குடிச்சேன். பாஸ்டர் ஐயா வந்து, "ஆண்டவர் உன் நாவைத் தொட்டார் மகளே"ன்னார். தேங்க்ஸ் ஐயான்னு சொன்னேன். சொன்னது நான்தானான்னு எனக்கே சந்தேகம் வந்துச்சு. வலி மருந்தாலதான்னு மனசு சொல்லுது, ஆனா நம்ப முடியல. டேனியல் சந்தோஷப்படுவார்னு பாத்தா, அந்த மனுஷன் என் முகத்தையே பாத்துப் பாத்துத் திரும்பிக்கிறார்.

கட்டி மிச்சம் மீதி இல்லன்னு உறுதி பண்ண மறுபடி மூத்திரம் பிடிக்கச் சொன்னாங்க. ரோஸி அந்தக் கேனுக்குக் காவலா உக்காந்துட்டா. யாரையும் கிட்ட விடல. காலையில நர்ஸ் வந்து என் கையில பி.பி. பட்டையைச் சுத்தினாங்க. எதேச்சையா கீழ பாக்குறேன், ரோஸி ஒரு ஈரத்துணியை வச்சுக்கிட்டுக் கேனோட மூடியைச் சுத்திச் சுத்தித் துடைச்சிட்டிருக்கா. துடைக்கிறவ மூடியையும் லேசா திருகிட்டா.

"அடியேய். கழுவிக் கழுவியே என்னைக் கொல்லப் பாத்தவ, இப்ப துடைச்சுக் கொல்லப் போறியா? வை அதைக் கீழ. உன் சுத்தத்துல இடி விழ."

ரோஸி துணியைப் போட்டுட்டு என்னையே பாத்தா. வாயைப் பொத்திக்கிட்டு வெளிய வராந்தாவுக்கு ஓடினா. "அண்ணா, அண்ணா, அண்ணி திட்டிட்டாங்க"ன்னு அவ கத்துறது வார்டு பூரா கேட்டுது.

டேனியல் ஓடி வந்தார். செருப்போட வார்டுக்குள்ள வந்து நின்னதுக்கு அவருக்கும் விழுந்துச்சு. அவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சிரிச்சார். நர்ஸ் காதுலேர்ந்து குழாயை எடுத்துட்டு, இவ்வளவு சத்தத்துலயும் நூத்தி இருவது, எண்பது, அப்படியே நிக்குதுன்னு சொல்லி எழுதிக்கிட்டாங்க.